போதகர் பார்க்கப் போன வான்

எங்கள் வயதுக்காரர் இரண்டு பேர் சந்தித்தால் இப்போதெல்லாம் முதலில் முழங்காலைப் பற்றித்தான் கதைக்கிறோம். நாற்பது இன்னும் முழுதாக வரவில்லை, அதற்குள் படியேறினால் பழைய மரக்கதவு மாதிரிச் சத்தம் கேட்கிறது. முழங்கால் கதை முடிந்ததும் பேச்சு எப்படியோ யூட்லாந்தின் அந்தச் சின்ன ஊர்களுக்குப் போய்விடும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு பஸ். வகுப்பில் கறுத்த தலை எங்களுடையது மட்டும். அம்மா தமிழில் கேட்க நாங்கள் டெனிஷில் பதில் சொன்ன வீடுகள். அப்படி வளர்ந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் மற்ற வருடங்களை விட வெளிச்சமாக ஒரு வருடம் இருக்கும். எனக்கு அது சண்டை முடிந்த வருடம். எனக்குப் பதின்மூன்று வயது.

முடிந்தது என்று நான் சொல்லவில்லை, அப்பா சொன்னார். போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையும் திறந்தது. அப்பா குசினியில் நின்று தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்து, "முடிஞ்சுது. இனி நாங்கள் ஊருக்குத்தான்" என்றார். அந்தச் சண்டை உண்மையில் எப்போது, எப்படி முடிந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வருடத்தில் அப்பாவுக்கு அது தெரியாது. தெரியாதபடியால் அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பொருளும் வாங்கப்படவில்லை. அப்பா தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நாள் முழுக்கப் புதுக் கதிரைகளுக்குத் துணி அடிக்கிற அந்த மனிதரின் வீட்டில் இருந்த மண்ணிறச் செற்றிக்கு ஒரு கால் இல்லை. காலுக்குப் பதிலாக மூன்று பழைய தொலைபேசிப் புத்தகங்கள். நடுவில் சுருள்கம்பி ஒன்று செத்துப்போயிருந்தது. தெரியாமல் அந்த இடத்தில் இருந்தவர் தன் முழங்கால் தன் நாடியில் முட்டும்வரை உள்ளே போவார். அம்மா புதுச் செற்றி என்று வாய் திறந்தால், "போப்போற ஆக்களுக்கு என்னத்துக்குச் செற்றி?" என்பார். ரிவி வந்த பெட்டி, கூட்டுகிற மெசின் வந்த பெட்டி எல்லாம் வெறுமையாக அலுமாரிக்கு மேல் அடுக்கியிருந்தன. "சாமான் திரும்பப் போகேக்கை அதின்ரை அதின்ரை பெட்டியிலை போகவேணும்" என்பது அவருடைய சட்டம்.

அப்பா யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். அம்மா மட்டக்களப்பு, அங்கிலிக்கன். இரண்டு பேருக்கும் இடையில் மதத்தால் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை, ஊரால் தினமும் வந்தது. அம்மா ஒரு வசனத்தை "மறுகா" என்று தொடங்கினால் போதும், "உங்கடை ஆக்களுக்கு மறுகா, எங்கடை ஆக்களுக்குப் பிறகு. ஆனால் ரெண்டு பகுதியும் வேலையை இண்டைக்குச் செய்யிறேல்லை" என்பார் அப்பா.

எங்கள் ஊர் விபோர்க்குக்கும் ஸ்கீவவுக்கும் நடுவில். ஒரு தெருவும் ஒரு கடையும் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் வருகிற பன்றி வாசமும்தான் ஊர். நடுவே சுண்ணாம்பு அடித்த தேவாலயம். உள்ளே கூரை மோட்டிலிருந்து ஒரு சின்னக் கப்பல் தொங்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிரசங்கம் கெதியாக முடிந்துவிடும். அம்மாவின் இடம் மூன்றாவது வரிசை வாங்கு, சுவர்ப்பக்கம். ஊரிலிருந்து கடிதம் வராத கிழமைகளில் அம்மா வேலை முடிந்து நேரே அங்கே போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். மாதத்தில் முதல் ஞாயிறு பின்னேரம் விபோர்க்கிலும் ஸ்கீவவிலும் இருந்து பன்னிரண்டு குடும்பங்கள் வந்து அங்கே தமிழில் செபம் வைப்பார்கள். எங்கள் போதகர் கதவுத் திறப்பை அம்மாவிடமே கொடுத்து வைத்திருந்தார்.

அந்தப் போதகர் வயதாகி வேலையிலிருந்து இளைப்பாறிப் போய்விட்டார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. எங்கள் ஊரோடு சேர்த்து நாலு சபைகளுக்கு அவர் ஒருவர்தான். நாலு தேவாலயம், ஒழுகுகிற ஒரு போதகர் வீடு, நத்தார் இரவில் நாலு ஆராதனை. புதிதாக வர ஆள் இல்லை. கோடை வருவதற்குள் ஒருவரைத் தேடி எடுக்காவிட்டால் நாலு சபையும் நகரத்துச் சபையோடு சேர்க்கப்படும், எங்கள் தேவாலயம் நத்தாருக்கும் உயிர்ப்புப் பெருநாளுக்கும் மட்டும் திறக்கப்படும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

அம்மா அந்தக் கடிதத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார். "அந்தக் கதவைப் பூட்டினா நான் எங்க போய் இருக்கிற?"

இங்கே போதகரை மேலிருந்து அனுப்புவதில்லை, சபைக் குழுதான் தெரிவு செய்யும். அதில் ஏழு பேர். ஏழாவது ஆள் அம்மா. அம்மாவைத் தேடி வந்தவர் குழுத் தலைவர், எண்ணூறு பன்றிகளுக்குச் சொந்தக்காரர். அவர் கதைத்த டெனிஷை நான் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் அவர் என் தலைக்குள் அப்படித்தான் கதைக்கப் பழகிவிட்டார். ஒரு பை உருளைக்கிழங்கோடு வந்து, நாங்கள் வாய் திறப்பதற்குள் செற்றியின் நடுவில் இருந்துவிட்டார். முழங்கால் நாடிக்கு வந்தது. அந்தப் பள்ளத்திலிருந்தபடியே, ஒன்றும் நடக்காதது போல, "போன வருசம் எத்தினை ஞாயிறு கோயிலுக்கு வந்தனீங்கள் எண்டு எண்ணிப் பாத்தன். என்னை விடக் கூட. குழுவிலை ஒரு இடம் சும்மா கிடக்குது" என்றார்.

"எனக்கு டெனிஷ் அவ்வளவு வராது" என்றார் அம்மா.

"எங்கடை கூட்டத்திலை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. கோப்பி குடிக்கத் தெரிஞ்சாப் போதும்."

அவர் போகும்போது செற்றியை ஒருமுறை திரும்பிப் பார்த்து, "மோசமில்லை" என்றார்.

அந்த 'மோசமில்லை' பற்றிச் சொல்லவேண்டும். அவரிடம் மூன்று தரங்கள்தான் இருந்தன. மிக மிகச் சிறந்தது 'மோசமில்லை'. நடுத்தரமானது 'அப்பிடியும் செய்யலாம்'. படுமோசமானதற்கு அவர் ஒன்றும் சொல்லமாட்டார். யன்னலைப் பார்த்து, "வெளியிலை காத்து நல்லாய் அடிக்குது" என்பார். தன் கலியாண நாளைப் பற்றி யாரோ கேட்டதற்கும் 'மோசமில்லை' என்றாராம். மனைவி அதைக் கேட்டு அழுதாவாம், சந்தோசத்தில்.

விண்ணப்பம் போட்டவர்கள் கடைசியில் மூன்று பேர். யார் யார் என்பது பரம இரகசியம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. போதகர் இப்போது இருக்கிற ஊருக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிறு போய், சனத்தோடு சனமாக இருந்து பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வருவார்கள். தலைவர் அதற்கு எங்கள் வானைக் கேட்டார். அப்பா கோயில் திருவிழாக்களுக்குக் குடும்பங்களை ஏற்றிப் போக வாங்கிய ஒன்பது பேர் வான் அது. முன் கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார், அவருக்குப் பக்கத்தில் மின்சாரத்தில் மினுங்குகிற சின்ன விளக்கு.

"ஓ, பொம்பிளை பாக்கப் போறியள்" என்றார் அப்பா. "அதுக்கெண்டா வான் தரலாம்."

அப்பா சாரதி, குழுவில் ஆறு வெள்ளைக்காரர், அம்மா, நான். நான் எதற்கு என்றால், பிரசங்கத்தை அம்மாவின் காதுக்குள் தமிழில் சொல்ல. அம்மாவின் மடியில் நீலத் தகரப் பெட்டி ஒன்று. டெனிஷ் பட்டர் பிஸ்கட் வருமே, அதே வட்டப் பெட்டி. மட்டக்களப்பில் அம்மாவின் வீட்டில் ஊசி நூல் போட்டு வைத்திருந்ததும் அந்தப் பெட்டிதானாம். அது எந்த நாட்டில் செய்தது என்று அப்போது ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. இப்போது அதற்குள் பயத்தம் பணியாரமும் கொக்கிஸும் நிறைந்திருந்தன.

"இது என்னத்துக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"போதகரைப் பாக்கப் போறம். வெறுங்கையோட போறதா?"

"நாங்கள் பாக்கப் போகேல்லை. ஒளிச்சிருந்து கேக்கப் போறம். ரெண்டு ரெண்டு பேராய் உள்ளுக்குப் போறது. ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஒருத்தரோடையும் கதைக்கக் கூடாது."

இந்த இடத்தில் நான் இப்போதும் தனியாகச் சிரிப்பேன். நாங்கள் போன முதல் தேவாலயம் வைலேக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். அதற்குள் அறிமுகமில்லாத ஆறு வெள்ளைக்காரர் இரண்டு இரண்டாக வந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், மூலைக்கு மூலை இருந்தார்கள். பிறகு பச்சைக் காஞ்சிபுரம் சேலையும் குளிர் ஜக்கெற்றுமாக அம்மா, கையில் தகரப் பெட்டி, பின்னால் நான். போதகர் எங்களைப் பார்த்தார். பிறகு தன் குறிப்பைப் பார்த்தார். பிறகு திரும்பவும் எங்களைப் பார்த்தார். தலைவர் மட்டும் கடைசிவரை நம்பினார், தங்களை ஒருவரும் கவனிக்கவில்லை என்று.

அப்பா உள்ளே வரவில்லை. "நானும் பிள்ளையாரும் வானுக்குக் காவல்" என்று வெளியே நின்றார். ஆனால் கதவு திறந்தபோது எட்டிப் பார்த்திருக்கிறார். இங்கே போதகர்கள் கறுப்பு அங்கிக்கு மேல், கழுத்தைச் சுற்றி, மடிப்பு மடிப்பாக ஒரு வெள்ளைச் சக்கரம் அணிவார்களே. "அந்தாளின்ரை கழுத்திலை ஆரோ இடியப்பத் தட்டை மாட்டிவிட்டிருக்கினம்" என்றார் எனக்கு. அதற்குப் பிறகு என்னால் எந்தப் போதகரையும் பசியில்லாமல் பார்க்க முடிந்ததில்லை.

அவர் ஒன்பது நிமிடத்தில் பிரசங்கத்தை முடித்தார். வானுக்குள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "மோசமில்லை" என்றார் தலைவர். அம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. "ஒன்பது நிமிசமா? எங்கட ஊரில அறிவித்தல் வாசிக்கவே காணாது." பெட்டியைத் திறந்து வானுக்குள் நீட்டினார். தலைவர் ஒரு பயத்தம் பணியாரத்தைக் கடித்தார், இரண்டாவதையும் எடுத்தார், மூன்றாவதைச் சட்டைப் பைக்குள் போட்டார். வாய்க்குள் மா அப்பிக்கொண்டதால் தரம் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்தப் போதகர் பிறகு எங்கள் ஊருக்கு வந்து, போதகர் வீட்டின் கூரையைப் பார்த்துவிட்டு, பன்றி வாசத்தையும் மணந்துவிட்டு, நன்றி சொல்லி விலகிவிட்டார்.

இரண்டாமவர் இளைஞர். முக்கால் மணித்தியாலம் பாவத்தைப் பற்றிப் பேசினார். எனக்குச் சலித்துவிட்டது. பாதியிலிருந்து, "ஆடு, மேய்ப்பன், பிறகும் ஆடு" என்று அம்மாவின் காதுக்குள் சுருக்கிவிட்டேன். வானுக்குத் திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்து, "புள்ள, அவர் தகப்பன் செத்த கதை சொன்னாரே, அதை ஏன் விட்டுட்டாய்?" என்றார்.

"விளங்கினதா?" என்றேன், டெனிஷில்.

"எல்லாம் விளங்கும்" என்றார் அம்மா, தமிழில். "நீ கேக்கிறியா எண்டு பாக்கத்தான் உன்னைச் சொல்லச் சொன்னன்."

தலைவர் யன்னலைப் பார்த்து, காற்று நன்றாக அடிக்கிறது என்றார். அந்த இளைஞரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். மிஞ்சியது ஒருவர்.

மூன்றாவது பயணம் மே மாதம். வழி நெடுக வயல்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. கண்ணை மூடினாலும் மஞ்சள்தான் தெரிந்தது. ஊர் லிம்ஃபியோர்ட் கரையில். போதகர் ஒரு பெண். அம்மாவுக்கு அதுவே ஒரு கேள்வியாக இருந்தது. அம்மாவின் ஊரில் அந்தக் காலத்தில் பெண் போதகர் கிடையாது. ஆனால் நாங்கள் போய் இறங்கியபோது மணி அடிக்கிற ஆள் சுகமில்லாமல் வரவில்லை. அங்கி, இடியப்பத் தட்டு எல்லாவற்றோடும் அந்தப் பெண் தானே கயிற்றில் தொங்கி மணியை அடித்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க உள்ளே வந்து, "தொடங்குவமா?" என்று கேட்டுச் சிரித்தார். அம்மாவின் கேள்வி அங்கேயே கரைந்துவிட்டது என்று நினைக்கிறேன். பிரசங்கம் பதினைந்து நிமிடம். கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்திருப்பவர்களைப் பற்றி. நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மா ஒரு சொல்லும் கேட்கவில்லை, நேரே அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் இங்கே போதகர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பார். தலைவரும் மற்றவர்களும் அந்நியர்கள் போலக் கைகொடுத்துவிட்டு வேகமாக நடந்தார்கள். அம்மாவின் முறை வந்தது. போதகர் கையை நீட்டினார். அம்மா கையில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். நீட்டியது மட்டுமல்ல. நல்ல தெளிவான டெனிஷில், ஊரில் பெரியவர்களோடு கதைக்கிற பணிவோடு, இப்படிச் சொன்னார்:

"உங்கள கேக்கத்தான் நாங்க இவ்வளவு தூரம் வந்த. எனக்கு மெத்தப் பிடிச்சிருக்கு. எங்கட ஊருக்குப் போதகராக் கட்டாயம் வாங்கோ."

எங்களுக்குப் பின்னால், ஊன்றுகோலோடு, அந்த ஊர் மூதாட்டி ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். அவர்களில் ஒருவருக்கும் தங்கள் போதகர் வேறு ஊருக்கு விண்ணப்பித்திருப்பது தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் அந்த ஒளிப்பு எல்லாம்.

மூதாட்டி போதகரின் முகத்தைப் பார்த்து, "பிள்ளை, நீ போறியா?" என்று கேட்டார்.

போதகரின் சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டியைப் பிடித்தபடி நின்றார்.

நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வானுக்கு ஓடினேன். அப்பா எல்லோரையும் கண்ணாடியில் பார்த்து, "பொம்பிளை பிடிக்கேல்லையோ?" என்றார் என்னிடம். நடந்ததை நான் சொன்னேன். அப்பா பிள்ளையாரின் விளக்கை அணைத்துவிட்டு வானை எடுத்தார். ஸ்கீவ வந்த பிறகுதான் தலைவர் வாயைத் திறந்தார்.

"வெளியிலை காத்து நல்லாய் அடிக்குது."

அதைச் சொன்னபோது ஒரு இலைகூட ஆடவில்லை.

அடுத்த மூன்று கிழமையும் அம்மா மூன்றாவது வாங்குக்குப் போகவில்லை. கடைசி ஆளையும் தானே கெடுத்துவிட்டதாக, கதவு பூட்டப்படப்போவது தன் வாயால் என்று அவருக்கு எண்ணம். முறைப்படி சோதனைப் பிரசங்கம் செய்ய அந்தப் பெண் எங்கள் ஊருக்கு வரவேண்டும். நாள் குறித்தாயிற்று. வருவாரா என்பது ஒருவருக்கும் தெரியாது. அம்மா என்னை மேசையில் இருத்தி டெனிஷில் மூன்று வரி எழுதச் சொன்னார். குழுவிலிருந்து விலகுகிறேன், மன்னிக்கவும், உருளைக்கிழங்குக்கு நன்றி.

"உருளைக்கிழங்கு வேண்டாம் அம்மா" என்றேன்.

"எழுது. நன்றி நன்றிதான்."

அப்பா வாசித்துப் பார்த்து, "நல்லது. போப்போற ஆக்கள்தானே நாங்கள். இருக்கப்போறவை போதகரைத் தெரிவு செய்யட்டும். அதுதான் நீதி" என்றார். அம்மா கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

அந்த ஞாயிறு பின்னேரம் தேவாலயத்துக்கு வெளியே நாங்கள் நின்றோம். தலைவர் வழமைக்கு மாறாகக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, ஒரு சின்னச் சிவப்புக் கார் வந்து நின்றது. அந்தப் பெண் இறங்கினார். ஒரு கையில் அங்கி. மற்றக் கையிடுக்கில் நீலத் தகரப் பெட்டி.

பிரசங்கம் என்ன என்று கேட்காதீர்கள். நான் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மாவும்தான். முடிந்து கோப்பிக்கு எல்லோரும் போதகர் வீட்டுக் கூடத்துக்குப் போனோம். அந்தப் பெண் நேரே அம்மாவிடம் வந்தார்.

"இந்தாங்கோ உங்கடை பெட்டி. அண்டைக்கு நீங்கள் போனாப் பிறகு எனக்கு முன்னாலை பத்துப் பேர் நிண்டவை. பதினொரு வருசம் அவையளோடை இருந்திட்டன். போறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு மாசக் கணக்காய் நித்திரை இல்லாமல் இருந்தனான். நீங்கள் ஒரு நிமிசத்திலை சொல்லிப்போட்டியள்."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் அம்மா.

"கேளுங்கோ. நாங்கள் எல்லாரும் வாசல்படியிலை இருந்து உங்கடை பலகாரத்தைச் சாப்பிட்டனாங்கள். சாப்பிட்டுக்கொண்டு கதைச்சம். அழுதும் போட்டம். அந்த ஊன்றுகோல் அம்மா வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை போயிட்டா. நேற்றுத்தான் கொண்டுவந்து தந்தவ. பெட்டியைத் தந்த மனிசிக்குக் குடு எண்டு சொன்னவ."

அம்மா மூடியைத் திறந்தார். உள்ளே நிறைய, மாவை வெட்டி, நடுவில் கீறி, தலையைக் கீறலுக்குள்ளால் இழுத்து முறுக்கிப் பொரித்த பலகாரம். நத்தாருக்கு இங்கே பொரிப்பார்கள், க்ளைனர் என்று. மே மாதத்தில் ஒருவரும் பொரிப்பதில்லை. ஏலக்காய் மணம் எழும்பியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "இது எங்கட பலகாரம்" என்றார், ஒருவருக்கும் என்றில்லாமல்.

மூடியின் உட்பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. நடுங்கிய எழுத்து. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தானே, எழுத்துக் கூட்டி, எல்லோர் முன்னாலும் டெனிஷில் சத்தமாக வாசித்தார்:

'எங்கள் போதகரை உங்களிடம் தருகிறோம். நல்லவள். ஆனால் காலையில் சாப்பிடமாட்டாள், கோப்பி மட்டும்தான். கவனித்துக்கொள்ளுங்கள்.'

தலைவர் யன்னலைப் பார்த்தார். ஆனால் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு, "வாக்குப் போட முந்தி ஆருக்கும் ஏதும் சொல்லக் கிடக்கோ?" என்று கேட்டார்.

அம்மா கைப்பையைத் திறந்தார். அந்தக் கடிதத்தை எடுத்தார். அம்மா அதை மேசையில் விரித்து, கையால் நீவி, அதன் மேல் மூன்று க்ளைனர் வைத்து, தட்டு மாதிரித் தலைவர் பக்கம் தள்ளினார்.

"முதல்ல சாப்பிடுங்கோ" என்றார்.

தலைவர் மூன்றையும் சாப்பிட்டார். அடியில் எழுத்து இருப்பதைக் கண்டார். எண்ணெய் ஊறிய கடதாசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "எண்ணெய் பட்ட கடதாசி ஒண்டும் நான் வாசிக்கிறேல்லை."

"நாங்க ஊருக்குப் போகக்கூடும்" என்றார் அம்மா, நேர்மைக்காக.

"இந்த மேசையிலை இருக்கிற எல்லாரும் போகப்போற ஆக்கள்தான்" என்றார் அவர். "நான் கோயில் சவக்காலையிலை வடக்குச் சுவரோரம் இடமும் பிடிச்சுப்போட்டன்."

குழுவில் இல்லாத நாங்கள் வெளியே போனோம். ஏழு துண்டில் ஏழிலும் ஒரே பெயர். போதகரைத் திரும்பக் கூப்பிட்டுக் கைகொடுத்து, தலைவர் சுற்றிவரப் பார்த்து, கடைசியாக அம்மாவையும் பார்த்து, "மோசமில்லை" என்றார்.

வானில் ஏறியதும் அம்மா நேரே சொல்லிவிட்டார். "இஞ்சேருங்கோ, நான் போகேலாது. இங்கதான் இருக்கோணும்."

"ஆருக்காக?" என்றார் அப்பா.

"ஒரு கிழவிக்காக."

"எந்தக் கிழவி?"

"பேர் தெரியாது."

அப்பா திறப்பைத் திருகாமல் கொஞ்ச நேரம் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பெட்டியைத் திறந்து நீட்டினார். அப்பா ஒன்றை எடுத்துக் கடித்து, "ஏலக்காய் போட்டிருக்கினம்" என்றார், புகார் சொல்வது போல. பிறகு இரண்டாவதை எடுத்தார்.

அந்தக் கோடையில் அப்பா தனியாக ஊருக்குப் போனார். எட்டுக் கிழமைக்கென்று போனவர் ஐந்தாம் கிழமையே வந்துவிட்டார், ஒடியலும் நல்லெண்ணெயுமாக. வீடு எப்படி என்று கேட்டதற்கு, "சுவர் கிடக்குது" என்றார். வேலைக்குப் போன முதல் கிழமை முடிவில் தொழிற்சாலையிலிருந்து ஒரு செற்றியை வானில் ஏற்றிவந்தார். நீலத் துணி, தன் கையால் அடித்தது. அலுமாரிக்கு மேல் இருந்த அட்டைப் பெட்டிகளை எல்லாம் மிதித்துத் தட்டையாக்கிக் கொண்டுபோய் எறிந்தார். இங்கேயே இருக்கப்போகிறோம் என்று அவர் வாயால் ஒருநாளும் சொல்லவில்லை. "அந்தப் பன்றிக்கார மனிசன் வந்து விழுந்து எழும்புறதைப் பாக்கேலாமல் கிடந்தது" என்றுதான் சொன்னார்.

தேவாலயக் கதவு பூட்டப்படவில்லை. தமிழ்ச் செபமும் நின்றுபோகவில்லை. ஞாயிறு காலையில் அம்மா ஆராதனைக்கு அரை மணித்தியாலம் முன்பே போய்விடுவார். அங்கி மாட்டுகிற சின்ன அறையில், இடியப்பத் தட்டு கழுத்தில் ஏறுவதற்கு முன், போதகர் அம்மாவின் உண்மையான இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது. போதகர் ஒவ்வொரு ஞாயிறும் பசியில்லை என்பார். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் காது கேளாதவர் போல நிற்பார்.

இப்போது அந்தப் போதகரும் இளைப்பாறி வைலேயில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். அம்மாவுக்கு அறுபத்தைந்து. இன்றும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, விடியக்காலை பஸ்ஸும் பிறகு ரயிலுமாக, அந்த நீலப் பெட்டியோடு வைலேக்குப் போகிறார். பெட்டியில் நீலம் பாதிக்கு மேல் போய்விட்டது. மூடிக்குள் இருக்கும் கடதாசியின் எழுத்தும் மங்கிவிட்டது. போன மாதம் மழை. முழங்கால் நோகுது என்று முனகிக்கொண்டு சப்பாத்துப் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மா, அந்தக் கிழவி செத்தே பதினைஞ்சு வருசமாச்சு" என்றேன்.

அம்மா பெட்டியின் மூடியை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார்.

"அதுக்கு?" என்றார்.